ஒத்திகை காணாத நாடகம்

1964 ஆம் ஆண்டு, பங்குனி மாதம். காரைக்குடிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் அம்மன் திருவிழா. அப்பொழுது நான் காரைக்குடியில், அழகப்பா கல்லூரியில் பயின்று கொண்டிருந்தேன். விழாவினை முன்னின்று நடத்தியவர்களுள் என் அம்மானும் ஒருவர். ஆதலின், அன்றிரவு நடைபெறவிருந்த 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு வரும் நடிகர்களைப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கொட்டகைக்கு அழைத்து வரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது.

முருகனாக வேடமிடுபவர் புதுக்கோட்டையிலிருந்து மாலையிலேயே வந்துவிட்டார். நாரதர் மதுரைப் பக்கத்திலிருந்து எட்டு மணிக்கு வந்தார். வள்ளியாக நடிக்க வேண்டிய அம்மையார் திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கும்போது மணி ஒன்பதேகால். வழியெல்லாம் அவர் என்னிடம் ஊரைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார். இவ்வாண்டு விளைச்சல் எப்படி, ஊரில் பெரியதனம் யார், பெண்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். பொழுது போவதற்காகக் கேட்கிறார் என்றெண்ணி நானும் விடை சொன்னேன்.

மேடைக்குப் பின்புறமிருந்த கீற்றுக் கொட்டகையில் நாரதரும் வள்ளியும் சந்தித்துக்கொண்ட காட்சி இன்றும் என் நினைவில் உள்ளது.

"வணக்கம் அண்ணே. நான்தான் இன்றைக்கு வள்ளி."

"அப்படியா, நல்லது அம்மா. எத்தனை கட்டை?"

"ஐந்து."

அவ்வளவே. அவர்கள் இருவரும் அதற்குமுன் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இன்னும் சற்று நேரத்தில் ஓர் ஊரே பார்த்திருக்க, விடியும்வரை ஒரு நாடகத்தை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்! எனக்கோ வியப்பும் ஏளனமும் ஒருங்கே தோன்றின. கல்லூரி ஆண்டு விழாவுக்காக நாங்கள் மூன்று வாரம் ஓர் அச்சிட்ட நாடகத்தை மனப்பாடம் செய்து ஒத்திகை பார்த்திருந்தோம். அப்படியிருந்தும் ஒரு நண்பன் ஒரே ஒரு வரியை மறந்துவிட, நாங்கள் ஐந்து பேரும் மேடையில் மரம்போல் நின்றோம். அந்த அனுபவம் தந்த அறிவுடன் நாரதரிடம், "ஒத்திகை எப்போது?" என்று கேட்டேன். அவர் நகைத்து, "தம்பி, ஒத்திகை பார்த்துவிட்டால் விடியும்வரை நாங்கள் எப்படி விழித்திருப்பது?" என்றார்.

இவ்வகை நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லாயினும் மதுரை, புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதிகளில் சிற்றூர்ப் பாட்டிமாரும் தடையின்றி வழங்கும் சொல் இது. நிலையான நாடகக் குழுவைச் சேராமல் தனித்தனியே வாழும் நடிகர்களை, அந்த ஓர் இரவுக்கென்றே தனியாக அமர்த்திச் சேர்ப்பதால் இப்பெயர் வந்தது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர் என்று நோட்டீசில் அச்சிடுவார்கள். இவர்களை அமர்த்துவதற்கென மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் தோன்றின.

இந்நாடகங்களுக்கு மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922 இல் புதுச்சேரியில் மறைந்த அப்பெரியாரைத் தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் என்றே போற்றுகிறது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என அவர் இயற்றிய நாடகங்கள் பல. இவற்றுள் அபிமன்யு சுந்தரியை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை, சிறுவராயிருந்தபோது அவரிடம் பயின்ற அவ்வை தி. க. சண்முகம் அவர்கள் எழுதி வைத்துள்ளார்கள்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். நடிகர் மனம்போனபடி பேசுவதைச் சுவாமிகள் விரும்பியவர் அல்லர். பாடமும் ஒழுங்கும் வேண்டும் என்பதே அவர் கருத்து. 1918 இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை அவர் தோற்றுவித்துச் சிறுவர்களைப் பயிற்றியது அதற்காகவே. சிறுவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஒப்பிப்பார்கள் அல்லவா? ஆனால் அவருடைய பாடல்களையும் கதை அமைப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே சென்ற வயது வந்த நடிகர்களோ, பாடல்களைப் பெரும்பாலும் அப்படியே காத்து, உரையாடலை மட்டும் இரவுக்கு இரவு புதிதாகப் படைத்துக்கொண்டார்கள். பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. ஆசிரியர் ஐயுற்ற ஸ்பெஷல் நாடகமே அவர் பாடல்களை நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 இல் கொழும்பில் சேர்ந்து நடிக்கத் தொடங்கி, பின் தமிழகமெங்கும் புகழ் பரப்பியதும் இத்தகைய நாடகங்களிலேதான்.

எழுதிய வசனம் இல்லாமல் எப்படி நடத்துகிறார்கள்? வள்ளி திருமணத்தின் கதையை ஒரு விரல்விட்டு எண்ணிவிடலாம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். அவளோடு வாதாடிவிட்டுச் சென்று முருகனிடம் அவளைப் பற்றிச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், அவள் இசையவில்லை. பிறகு கிழவனாக வருகிறான். கடைசியில் யானை வந்து அச்சுறுத்த, வள்ளி அவனைச் சேர்கிறாள், திருமணம். கந்தபுராணத்தின் இறுதியில், வள்ளியம்மை திருமணப் படலத்தில் கச்சியப்ப சிவாசாரியர் பாடிய கதைதான் இது. ஐந்தாறு நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் இன்னார் வருவார், இன்னது நிகழ்ந்தாலன்றி அவர் போக மாட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் உடன்பாடு. வருவதற்கும் போவதற்கும் இடையே பத்து நிமிடமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். அதனை அந்த இருவரும் அங்கேயே முடிவு செய்கிறார்கள்.

அன்றிரவு ஆர்மோனியம் வாசித்த பெரியவரிடம் பின்னர் பலமுறை பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர் சொல்வார்: "எதிரில் நிற்பவர் சொன்னதை இல்லை என்று சொல்லக் கூடாது, தம்பி. நாரதர் வந்து, 'நேற்று இங்கே நல்ல மழை' என்று சொல்லிவிட்டால் மழை பெய்ததுதான். 'பெய்யவில்லையே' என்று வள்ளி சொன்னால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். 'அதனால்தான் உம் காலில் இவ்வளவு சேறா?' என்று கேட்டால் எழுந்து ஓடும்." வாதத்தில் தனக்கு விடை தெரியாத வினாவை எழுப்புவதும் பிழை என்பார். எதிரி திகைத்தால் கேட்டவரே விடையையும் தந்து காப்பாற்ற வேண்டுமாம். இதை எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. புராண வினாக்களை அடுக்கி, புதிதாக மேடையேறிய ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்து மகிழ்ந்த நாரதர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கொச்சைப் பேச்சில் இறங்கிக் கைதட்டு வாங்கிய பபூன்களையும் பார்த்திருக்கிறேன். சுவாமிகள் சிறுவர்களைத் தேடிச் சென்றதன் காரணம் அவ்வேளைகளில் நன்கு விளங்கும்.

ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். மேடையின் ஓரத்தில் அமர்ந்து, முழு நாடகத்தையும் கையில் பிடித்திருப்பவர் அவரே. உரையாடல் தளர்ந்தால் சுருதியைச் சற்று அழுத்துவார். நடிகர் அதைக் குறிப்பாகக் கொண்டு பாட்டுக்குத் தாவிவிடுவார். நடிகர் ஒரு பாடலின் முதற்சொல்லை இழுத்தாலே போதும். மிருதங்கமும் தாளமும் ஆல்ரவுண்டும் ஒருங்கே வந்து சேர்ந்துகொள்ளும். முன்பின் அறியாதவர்கள் ஒரே குடும்பத்தார்போல் ஆவது அந்த முதற்சொல்லினால்தான்.

மேல்நாட்டிலும் இத்தகைய கலை இருந்தது. இத்தாலியில் 16 ஆம் நூற்றாண்டில் 'காமெடியா டெல் ஆர்ட்டே' என்ற நாடக வகை தோன்றி, ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஐரோப்பா முழுதும் சுற்றியது. கருமியான கிழவன், வாயாடி மருத்துவன், தந்திரமுள்ள வேலையாள் என நிலையான பாத்திரங்கள் உண்டு; வசனம் கிடையாது. காட்சிகளின் வரிசையை மட்டும் ஒரு தாளில் குறித்துத் திரைக்குப் பின்னே தொங்கவிடுவர். நடிகர் மேடையேறுமுன் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு செல்வார். ஃபிளாமினியோ ஸ்காலா என்னும் நடிகர் அத்தகைய 50 கதைக் குறிப்புகளைத் திரட்டி 1611 இல் நூலாகவே வெளியிட்டார். இதைக் கல்லூரி நூலகத்தில் படித்தபோது நம் கொட்டகையில் அந்தத் தாள் எங்கே என்று எண்ணிப் பார்த்தேன். அது திரைக்கு முன்னே மணலில் அமர்ந்திருந்தது! கதையை நடிகரைவிட நன்கறிந்தவர்கள் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஆச்சிமார்களும் உழவர்களுமே. யானை வருமுன் வள்ளி இசைந்துவிட்டால் அவர்களே எழுந்து கேட்டுவிடுவார்கள்.

எழுத்தில் இல்லாத உரையாடலுக்கு மற்றொரு பயனும் வரலாற்றில் இருந்தது. 1876 இல் ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்றை இயற்றி, அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் கைக்கொண்டது. அச்சிட்ட நாடகமாயின் நூலைப் பறிமுதல் செய்யலாம். 'வள்ளி திருமணம்' என்ற பெயரைக் கண்டு எதைப் பறிமுதல் செய்வது? முருகக் கடவுள் குறப்பெண்ணை மணக்கும் கதையில் அரசத்துரோகம் எங்கே இருக்கிறது?

அது எங்கே இருக்கும் என்பதை விசுவநாததாஸ் காட்டினார். 1886 இல் சிவகாசியில் பிறந்த இந்த நடிகர், தினைப்புனத்திலிருந்து பறவை விரட்டும் காட்சியில் மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடுவார். கொக்கு எது, புனம் எது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, கூட்டம் ஆர்ப்பரிக்கும். போலீசாரும் விளங்கிக்கொண்டார்கள், அவர் பலமுறை சிறை சென்றார். இதனினும் மனத்தை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். அவருக்கு வள்ளியாக முன்வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் விடுதலைப் போராட்ட வீரராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய மதுரை கே. பி. ஜானகியம்மாள். 1940 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு, சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில், முருக வேடத்துடன் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸ் உயிர் நீத்தார்.

இதே கதையைத் திரைப்படத்தில் நிலைப்படுத்தியவரும் உண்டு. அவர் எங்கள் காரைக்குடிக்காரரே. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1945 இல் 'ஸ்ரீவள்ளி' படத்தை வெளியிட்டார். டி. ஆர். மகாலிங்கத்தின் குரலுக்காகவே பலமுறை பார்த்தவர்கள் உண்டு. பிற்காலத்தில் டூரிங் கொட்டகையில் நானும் நான்கு முறை பார்த்தேன். நான்காம் முறை, வள்ளி அடுத்து என்ன சொல்வாள் என்பதைக் கொட்டகையில் இருந்தவர்கள் அவளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

இனி, தொடக்கத்தில் குறித்த இரவுக்கு வருகிறேன்.

செட்டிநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு கிடையாது. மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணியே குடிநீருக்கு ஆதாரம். அதில் குளிக்கலாகாது, துணி துவைக்கலாகாது. படியில் காலைக் கழுவினாலும் கண்டிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்வூரில் அவ்வாண்டு நீர் குறைந்திருந்தது. ஒரு தெருவார் ஊருணியில் நீர் எடுப்பதை மற்றொரு தெருவார் தடுத்து, மூன்று மாதமாகப் பூசல் நடந்துகொண்டிருந்தது. என் அம்மான் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்ல எனக்கு இன்றும் நாணமாக இருக்கிறது.

நள்ளிரவு கழிந்து நாரதர்–வள்ளி வாதம் தொடங்கியது. மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்ப்பதுபோல் மெல்லத் தொடங்கி, தினை யாருக்கு உரியது, பறவைக்கு அதில் பங்குண்டா என்று அரைமணி நேரம் நயமாகப் பேசினார்கள். பேச்சு சற்றே தளர்ந்தது. அதைத் தூக்கி நிறுத்த எண்ணிய நாரதர், "பெண்ணே, நெடுந்தூரம் நடந்து வந்தேன், தாகமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடு" என்றார்.

வள்ளி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு மிகப் பணிவாக, "தரலாம் சுவாமி. தாங்கள் எந்தத் தெரு?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் அரவமே இல்லை. பேருந்திலிருந்து இறங்கி வரும் வழியில், "ஊருணியில் தண்ணீர் எடுத்துக் குடிக்கலாமா, தம்பி?" என்று அந்த அம்மையார் கேட்டதும், "நீங்கள் வெளியூர், பரவாயில்லை, எங்கள் ஊராரையானால் எந்தத் தெரு என்று கேட்பார்கள்" என்று நான் விளையாட்டாகச் சொன்னதும் அப்பொழுது எனக்கு நினைவு வந்தன. உடல் வியர்த்துவிட்டது.

நாரதருக்கு ஊர்ச் செய்தி ஒன்றும் தெரியாது. ஆயினும் கூட்டத்தின் மௌனத்திலிருந்து ஏதோ இருக்கிறது என்று உணர்ந்திருக்க வேண்டும். "என்னம்மா இது கேள்வி?" என்று அவர் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. தம்பூராவைத் தோளில் சரிசெய்துகொண்டு, "மூன்று உலகமும் திரிகிறவனுக்குத் தெரு ஏது, அம்மா?" என்றார்.

"அப்படியானால் உமக்கு எளிது. தெரு உள்ளவர்களுக்குத்தான் தண்ணீர் கிடைப்பது அரிதாக இருக்கிறது" என்றாள் வள்ளி.

பின்வரிசையில், மணலின் கடைசியில் அமர்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சுப் போன்ற ஒலி எழுந்தது, கைதட்டு அன்று. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "நாடகம் ஆட வந்தாயா, பஞ்சாயத்துப் பேச வந்தாயா?" என்று உரத்துக் கத்தினார். மேலும் இருவர் எழுந்தனர். அந்நேரத்தில் ஆர்மோனியப் பெரியவர் சுருதியை ஓங்கி அழுத்தினார். நாரதர் அதனைப் பற்றிக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்துப் பாட வேண்டிய பாட்டை அப்பொழுதே தொடங்கி, பாடிக்கொண்டே வள்ளிக்கும் முன்வரிசைக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். மிருதங்கம் சேர்ந்தது. பாட்டு முருகனைப் பற்றியது. எதிர்த்து எழுந்து நிற்க யாருக்கும் இயலவில்லை. ஒவ்வொருவராக அமர்ந்தார்கள்.

நாடகம் பழுதின்றி விடியும்வரை நடந்தது. திருமணக் காட்சியில் ஊரார் வழக்கம்போல் கைகூப்பித் தொழுதார்கள். என் அம்மான் பேசிய தொகையைக் குறைவின்றி எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னிடம், "அடுத்த வருஷம் இந்த அம்மாள் வேண்டாம்" என்றார். அவ்வாறே அடுத்த ஆண்டு வேறொரு வள்ளி வந்தார். ஊருணிப் பூசல் அந்த ஒரு வினாவினால் தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பின்னும் இரண்டு கோடைகள் நீடித்தது. ஆனால் "எந்தத் தெரு?" என்று ஊருணிப் படியில் நின்று கேட்பதற்கு மட்டும் அதன் பிறகு ஊரில் எவருக்கும் நா எழவில்லை, கேட்டால் சிறுவர்கள், "தரலாம் சுவாமி!" என்று வள்ளியின் குரலில் ராகம் இழுத்தார்கள்.

அன்று காலை நடிகர்களை வழியனுப்பப் பேருந்து நிற்குமிடத்துக்கு நானே சென்றேன். அரிதாரம் முழுதும் நீங்காத முகங்களுடன் நாரதரும் வள்ளியும் புளியமரத்தடியில் அமர்ந்து, தத்தம் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மறுநாள் அறந்தாங்கி. அந்த அம்மையாருக்கு மானாமதுரை. சித்திரையில் ஒரு நாள் இருவர்க்கும் ஒரே ஊரில் நாடகம் இருப்பதைக் கண்டு குறித்துக்கொண்டார்கள்.

"அந்தத் தண்ணீர்க் கேள்வியை அங்கேயும் கேள் அம்மா. இதைவிட நல்ல விடை ஒன்று இப்பொழுது தோன்றியிருக்கிறது" என்றார் நாரதர்.

"இங்கே சொல்லிவிடாதீர்கள் அண்ணே" என்றார் அந்த அம்மையார்.

அறந்தாங்கிப் பேருந்து முதலில் வந்தது.